தொலைவும் துயரமும்: ஹெயிட்டியின் பூமியதிர்ச்சியும் புலம்பெயர்ந்தோர் எழுத்தும்

பேரழிவுகள் பற்றிய இலக்கியத்தை மதிப்பிடுதல் எளிதான காரியமன்று. இறந்தோர் தொகை இலட்சக்கணக்கில் அமையும்போது, அவ்வழிவைப் பற்றி எழுதப்பட்ட எதனையும் குறைகூறுவது ஈவிரக்கமற்ற செயல்போலத் தோன்றுகிறது. இரக்கம் விமர்சனத்தின் வாயை அடைத்துவிடுகிறது. ஆயினும், இரக்கத்தின் பெயரால் எழுதப்பட்டவை யாவும் நல்ல இலக்கியமாகிவிடுவதில்லை. அவற்றுட் சில, எம்மக்களுக்காக இரங்குகின்றனவோ அம்மக்களையே முகமற்ற கூட்டமாக்கி விடுகின்றன. அதிலும், அழிவு நிகழ்ந்த மண்ணிலிருந்து நெடுந்தொலைவிற் பாதுகாப்பாக வாழும் ஒருவர், அம்மண்ணிற் பிறந்தவர் என்ற உரிமையை முன்வைத்து எழுத முற்படும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. அவர் எந்த உரிமையோடு பேசுகிறார்? யாருக்காகப் பேசுகிறார்? யாரை நோக்கிப் பேசுகிறார்? புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தை ஆராயும் எவரும் இவ்வினாக்களைத் தவிர்த்துவிட்டு மேற்செல்ல முடியாது. அவற்றை எழுப்பிப் பார்ப்பதற்கு ஹெயிட்டியில் 2010 ஆம் ஆண்டு நிகழ்ந்த பூமியதிர்ச்சியும், அதனையொட்டிப் புலம்பெயர்ந்த ஹெயிட்டிய எழுத்தாளர் படைத்த நூல்களும் தக்க உரைகல்லாக அமைகின்றன.

2010 ஜனவரி 12 ஆந் திகதி மாலை 4.53 மணிக்கு 7.0 பருமனுடைய அதிர்ச்சி ஹெயிட்டியைத் தாக்கியது. அதன் மையம் தலைநகரான போட்-ஓ-பிறின்சிலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில், லெயோகான் நகருக்கு அண்மையில் இருந்தது. ஒரு நிமிடங்கூட நீடியாத அதிர்வினால் சனாதிபதி மாளிகையும், பேராலயமும், அமைச்சுக்களும், பாடசாலைகளும், பல்லாயிரம் வீடுகளும் இடிந்து வீழ்ந்தன. இறந்தோர் தொகை பற்றிய மதிப்பீடுகள் ஓர் இலட்சத்திலிருந்து மூன்று இலட்சத்துக்கு மேல்வரை வேறுபடுகின்றன. இறந்தவர்களை எண்ணி முடிக்கவும் இயலாத அழிவாக அது இருந்தது என்பதே இவ்வேறுபாட்டின் பொருளாகும்.

இவ்வழிவை வெளியிலிருந்து நோக்கியோர் அந்நியர் மட்டுமல்லர். 1957 இல் பிரான்சுவா டுவாலியே ஆட்சிக்கு வந்த பின்னர் ஆசிரியரும் மருத்துவரும் எழுத்தாளருமாகப் பெருந்தொகையானோர் நாட்டைவிட்டு வெளியேறினர். எழுபதுகளிலிருந்து ஏழை மக்கள் சிறு படகுகளிலேறிப் புளோரிடாக் கரையை நாடத் தொடங்கினர். நியூயோர்க்கின் புறூக்லின், மியாமியின் 'சின்ன ஹெயிட்டி', மொன்றியலின் வடபகுதி ஆகியன இவ்வாறு உருவான குடியிருப்புக்களாம். வெளிநாடுகளில் வாழ்ந்த ஹெயிட்டிய மருத்துவர் 1972 இலேயே தமக்கெனச் சங்கம் அமைத்துக்கொண்டனர். புலம்பெயர்ந்தோர் வீட்டுக்கு அனுப்பும் பணம் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தையும் விஞ்சி நின்றது. நாடு ஒன்பது மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டிருந்த காலத்தில், சனாதிபதி அரிஸ்ரிட் புலம்பெயர்ந்தோரைப் 'பத்தாவது மாகாணம்' என வருணித்தார். 2003 இல் நீப் என்னும் பகுதி தனி மாகாணமாக்கப்பட்டதும், உண்மையான பத்தாவது மாகாணம் ஒன்று தோன்றி, அப்புகழ்மொழியைப் பொருளிழக்கச் செய்தது. புலம்பெயர்ந்தோரின் நிலைக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைத்தல் அரிது. அவர்களின் பணத்துக்கு நாட்டில் இடமிருந்தது. ஆனால் 1987 ஆம் ஆண்டு யாப்பு இரட்டைக் குடியுரிமையை ஏற்காதபடியால், வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவருக்கு அங்கு இடமிருக்கவில்லை. பூமியதிர்ச்சியின் பின்னரே, 2012 இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தினால் அத்தடை தளர்ந்தது.

ஹெயிட்டியரின் கிறியோல் மொழியில் 'டியாஸ்போரா' என்னுஞ் சொல் ஒரு மக்கட் கூட்டத்தை மட்டுமன்றித் தனி மனிதரையுங் குறிக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தவரை அவ்வாறு விளிக்கும்போது மதிப்பும் பொறாமையும் கண்டனமும் ஒருங்கே அச்சொல்லில் ஒலிப்பதுண்டு. 'நீ இங்கிருந்து துன்பப்பட்டவன் அல்லன்' என்பதே அக்கண்டனத்தின் உட்பொருள். அழிவு நேர்ந்தபோது புலம்பெயர்ந்த எழுத்தாளர் ஒவ்வொருவரும் இந்தச் சொல்லையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

2

ஹெயிட்டிய இலக்கியத்தில் இப்பிரச்சினை 2010 இல் திடீரெனத் தோன்றியதன்று. அதன் மூலவடிவத்தை ஜாக் றூமென் எழுதிய 'பனித்துளியின் ஆளுநர்' என்னும் நாவலிற் காணலாம். ஆசிரியர் இறந்த 1944 ஆம் ஆண்டிலேயே அது வெளிவந்தது. அந்நாவலின் நாயகனான மனுவேல், கியூபாவின் கரும்புத் தோட்டங்களிற் பதினைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டுத் தன் கிராமத்துக்குத் திரும்புகிறான். கிராமமோ வரட்சியினாற் காய்ந்து கிடக்கிறது; பழைய இரத்தப் பகையினால் ஊர் இரண்டாகப் பிளவுண்டு நிற்கிறது. மனுவேல் நீரூற்றைத் தேடிக் கண்டுபிடிக்கிறான், நீரைக் கொண்டுவருவதற்கு இரு பகுதியினரும் சேர்ந்து உழைக்கவேண்டும் என்கிறான், கொலையுண்டு இறக்கிறான். இறக்கும்போது கொலைகாரனின் பெயரைச் சொல்ல மறுத்து, பகையைத் தன்னோடு முடித்துவிடுகிறான். நீர் கிராமத்தை வந்தடைகிறது.

இந்நாவலை முற்போக்கு இலக்கியத்தின் சிறந்த சான்றாகப் பலர் போற்றியுள்ளனர். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், திரும்பி வருபவன் கொண்டுவருவது எது என்பதாகும். அவன் பணம் கொண்டுவரவில்லை, பரிவுரையும் கொண்டுவரவில்லை. கரும்புத் தோட்டத்து வேலைநிறுத்தங்களிற் கற்ற கூட்டுச் செயலின் அனுபவத்தையே கொண்டுவருகிறான். அதனையும் 'கூம்பிற்' எனப்படும் தன் கிராமத்தின் மரபான கூட்டுழைப்பு முறையோடு இணைத்தே அவனாற் பயன்படுத்த முடிகிறது. வரட்சியும் வானத்தின் தண்டனையாகக் காட்டப்படவில்லை. காடுகள் வெட்டப்பட்டமையே அதற்குக் காரணமென்பது நாவலில் வெளிப்படை. இயற்கை அழிவுக்கு மனிதக் காரணம் தேடுதல், திரும்பி வந்தவனின் அறிவை ஊரவரின் உழைப்போடு பிணைத்தல் ஆகிய இரண்டும் றூமென் விட்டுச் சென்ற அளவுகோல்கள் எனலாம். 2010 இன் பின்னர் எழுந்த நூல்களை இவற்றாலேயே அளந்து பார்ப்பது பொருந்தும்.

3

அந்நூல்களுள் முந்தி வெளிவந்தவற்றுள் ஒன்று டனி லஃபெரியேர் எழுதிய 'என்னைச் சுற்றி யாவும் அசைகின்றன' என்பதாகும். நண்பரான இளம் பத்திரிகையாளர் ஒருவர் கொலையுண்டதையடுத்து 1976 இல் நாட்டைவிட்டு மொன்றியலுக்குச் சென்றவர் லஃபெரியேர். நாடு திரும்புதலைப் பற்றிய அவரது நாவல் 2009 இல் பிரான்சின் மெடிசி பரிசைப் பெற்றது. மறுஆண்டு ஜனவரியில் போட்-ஓ-பிறின்சில் நடைபெறவிருந்த இலக்கிய விழாவொன்றுக்காக அவர் அங்கு சென்றிருந்தார். அதனால், அழிவு நிகழ்ந்த கணத்தில் அவர் தலைநகரின் விடுதியொன்றின் உணவுச்சாலையில், மொன்றியலில் பதிப்பகம் நடத்தும் கவிஞர் றொட்னி செந்-எலுவாவுடன் அமர்ந்திருந்தார். இருவரும் உயிர் தப்பினர். இருவரும் அதே ஆண்டில் இது பற்றி நூல் எழுதினர். மொன்றியலிற் பல்லாண்டு கற்பித்த புவியியலாளரும், ஹெயிட்டிய எழுத்தாளர் கழகத்தை நிறுவியவருமான ஜோர்ஜ் அங்கிளாட் தம் மனைவியாருடன் அதே மாலை இடிபாடுகளுள் மாண்டார். உயிர்பிழைத்தலுக்கும் சாவுக்கும் இடையே தகுதி பற்றிய வேறுபாடு எதுவும் இருக்கவில்லை.

லஃபெரியேரின் நூல் சிறு சிறு பத்திகளால் ஆனது. கறுப்புக் குறிப்பேடொன்றில் அவ்வப்போது எழுதியவற்றின் உருவத்தை அது கைவிடவில்லை. இவ்வடிவமே அதன் முதற்பலம். ஒரு நாவலுக்குரிய முழுமையை இவ்வளவு விரைவில் அந்நிகழ்ச்சிக்கு அளிப்பது பொய்யாகியிருக்கும். தெருவோரத்தில் சில மாம்பழங்களைப் பரப்பிவைத்து மறுநாளே வியாபாரத்தைத் தொடங்கிவிட்ட பெண்ணைப் போன்ற காட்சிகள், தொலைக்காட்சி காட்டிய பிணக்குவியல்களுக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கின்றன. அமெரிக்க மதபோதகர் பற் றொபேட்சன் பூமியதிர்ச்சியின் மறுநாளே, ஹெயிட்டியர் விடுதலைக்காகச் சாத்தானுடன் உடன்படிக்கை செய்தவர்கள் என்று பேசினார். மதச்சார்பற்ற பத்திரிகைகளும் 'சபிக்கப்பட்ட நாடு' என்ற தொடரைத் தாராளமாகக் கையாண்டன. சாபம் என்ற அச்சொல்லை எதிர்த்து அந்நாட்களிலேயே வெளிப்படையாகக் குரலெழுப்பியவர் லஃபெரியேர். சாபம் என்று சொல்லிவிட்டால் காரணம் தேடவேண்டியதில்லை; காரணமானவர்களையும் தேடவேண்டியதில்லை.

ஆயின், காரணம் தேடும் கடமையை அவரது நூல் எவ்வளவு தூரம் நிறைவேற்றுகிறது என்று வினவுதல் வேண்டும். விடுதித் தோட்டத்தில் மெல்லிய காம்புடைய மலர்கள் தப்பி நிற்க, உறுதியான கொங்கிறீற் சரிந்ததை அவர் குறிப்பிடும் இடம் வாசகர் பலரின் நினைவில் நிற்பது. அழகான கருத்துத்தான். எனினும் கொங்கிறீற் தன் உறுதியினால் மட்டும் சரிந்ததன்று. போதிய இரும்பும் சீமெந்தும் இல்லாமல், கட்டட ஒழுங்குவிதிகளை எவரும் நடைமுறைப்படுத்தாத நகரத்தில், கிராமங்களில் வாழவழியின்றி வந்து குவிந்த மக்கள் சரிவுகளில் எழுப்பிய வீடுகளே அவ்வாறு சரிந்தன. அதே ஆண்டு பெப்ரவரி 27 ஆந் திகதி சிலியில் 8.8 பருமனுடைய, பன்மடங்கு வலிமைகூடிய அதிர்ச்சி நிகழ்ந்தது. அதில் இறந்தோர் ஏறத்தாழ ஐந்நூற்றுவரே. இரு நாடுகளிலும் நிலம் அசைந்தது, கொன்றது நிலமன்று. மலரையும் கொங்கிறீற்றையும் எதிர்நிறுத்தும் உருவகம் இந்த உண்மையை வெளிக்கொணர்வதற்குப் பதிலாக மூடிவிடுகிறது. ஏழைகளின் அமைதியையும் நிதானத்தையும் லஃபெரியேர் மீண்டும் மீண்டும் வியக்கும்போதும் இவ்வாறே நிகழ்கிறது. வியக்கப்படும் பொறுமை, கேட்கப்படவேண்டிய கேள்வியை ஒத்திப்போட்டுவிடுகிறது.

இக்குறைக்கு ஈடாக நிற்பது, நூலாசிரியர் தமது நிலையை மறைக்காமையாகும். சில நாட்களின் பின் அவர் கனேடிய விமானமொன்றில் மொன்றியலுக்குத் திரும்பினார். நாட்டை விட்டோடினார் என்று அதற்காகக் கண்டிக்கவும்பட்டார். தாயும் உறவினரும் அங்கேயிருக்க, கனேடியக் கடவுச்சீட்டு உடையவருக்குத் திறந்த கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. அக்கதவின் வழியாகச் சென்றதை அவர் நூலிலே பதிந்துள்ளார். இன்னுமோரிடத்தில், எழுதும் ஆர்வமுடைய அவரது மருமகன், இப்பூமியதிர்ச்சியைப் பற்றி நாவல் எழுதவேண்டாமென அவரைக் கேட்டுக்கொள்கிறான். மாமனின் தலைமுறைக்குச் சர்வாதிகாரம் கிடைத்தது. இது தன் தலைமுறைக்குரிய நிகழ்ச்சி என்பது அவன் வாதம். புலம்பெயர்ந்த எழுத்தாளரிடம் தாய்நாடு கேட்கக்கூடிய கேள்விகளுள் மிகக் கடினமானது இதுவே. புகழும் பதிப்பகமும் பன்னாட்டு வாசகரும் வாய்க்கப்பெற்ற ஒருவர் முந்திக்கொண்டு எழுதிவிட்டால், அங்கேயே இருந்து கூடாரத்தில் உறங்கியவன் எழுதுவதற்கு எது எஞ்சும்? லஃபெரியேர் இக்கேள்விக்கு விடையளிக்கவில்லை. ஆனால் தமக்கு எதிரான அக்கேள்வியைத் தமது நூலுக்குள்ளேயே இடம்பெறச் செய்தார். நாவல் எழுதாமற் குறிப்புக்களோடு நின்றமையை அக்கேள்விக்கு அவர் காட்டிய மரியாதையாகவும் கொள்ளலாம்.

4

லஃபெரியேருக்குக் கிடைத்த தற்செயலான 'நேரிற் கண்ட சாட்சி' என்ற நிலை எட்வீஜ் டன்ரிக்காவுக்குக் கிடைக்கவில்லை. 1969 இல் போட்-ஓ-பிறின்சிற் பிறந்து, பன்னிரண்டாம் வயதிற் புறூக்லினிலிருந்த பெற்றோரிடஞ் சென்ற அவர், அழிவு நிகழ்ந்தபோது மியாமியில் வாழ்ந்தார். அன்று புலம்பெயர்ந்த ஹெயிட்டியரின் அனுபவம் எதுவோ அதுவே அவருடைய அனுபவமுமாயிற்று. தொலைபேசிகள் ஒலித்தும் எடுப்பாரில்லை; பல ஒலிக்கவேயில்லை. தலைநகரில் ஒலிபரப்பைத் தொடர்ந்த வானொலி நிலையமொன்றை இணையத்தின் வழியே கேட்டவாறு, தெருப்பெயர்களையும் பாடசாலைப் பெயர்களையும் எண்ணியபடி ஆயிரக்கணக்கானோர் இரவைக் கழித்தனர். மருத்துவரும் தாதியரும் விமானம் கிடைக்கும் வழிகளைத் தேடினர். தேவாலயங்கள் பொருள் சேர்த்தன. ஜனவரி 15 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்க அரசு, அழிவுநாளில் அங்கிருந்த ஹெயிட்டியருக்குத் தற்காலிகப் பாதுகாப்பு நிலை வழங்குவதாக அறிவித்தது. அதேவேளை, படகேறி வரவேண்டாமென வாஷிங்ரனிலிருந்த ஹெயிட்டியத் தூதுவர் கிறியோல் மொழியிற் பதிவுசெய்த வேண்டுகோளை அமெரிக்க இராணுவ விமானமொன்று நாட்டின் மேற்பரப்பிற் பறந்து ஒலிபரப்பியது. வெளியிலிருப்பவனின் குரல் உள்ளிருப்பவனுக்கு எவ்வெவ்வாறெல்லாம் சென்றடையக்கூடும் என்பதற்கு இவ்விமானமும் ஒரு சான்று.

டன்ரிக்காவின் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர் தமது வீட்டின் கீழ் நசுங்கி இறந்தார். சில வாரங்களுள் 'நியூயோர்க்கர்' சஞ்சிகையில் அது பற்றி டன்ரிக்கா எழுதிய சிறு கட்டுரை, இவ்விலக்கியத்தின் உச்சங்களுள் ஒன்றெனக் கருதத்தக்கது. இலட்சக்கணக்கானோர் இறந்ததைப் பற்றிப் பொதுவாகப் புலம்பாமல், ஒரே மனிதரின் சாவை அவர் சொல்கிறார். அம்மனிதருக்கு வயதுண்டு, பழக்கங்களுண்டு, முற்கதையுமுண்டு. அவரது தந்தையார் 2004 இல் அமெரிக்காவில் அடைக்கலம் கேட்டு வந்து, குடிவரவுத் தடுப்புக்காவலில் இறந்தவர். அக்கதையை டன்ரிக்கா 2007 இல் வெளிவந்த தமது நூலொன்றில் விரிவாக எழுதியிருந்தார். ஆகவே, இயற்கையின் கையால் மகன் இறந்ததும், அரசொன்றின் கையால் தந்தை இறந்ததும் ஒரே குடும்பத்தின் கதையாக வாசகர் மனத்தில் இணைகின்றன.

அக்கட்டுரையில் தீர்க்கமான இடம் அதன் முடிவாகும். இடிபாடுகளின் நடுவிலிருந்து உறவுப்பெண் ஒருவர் தொலைபேசியிற் பேசுகிறார். அழுபவரோ மியாமியிலிருக்கும் எழுத்தாளர். வாழ்வும் சாவும் சிறுபொழுதே என்ற கருத்தைச் சொல்லி, அங்கிருப்பவர் இங்கிருப்பவரைத் தேற்றுகிறார். கட்டுரையின் தலைப்பே அத்தேறுதல் மொழியிலிருந்து பிறந்தது. உதவி ஒரு திசையிற் செல்ல, ஆறுதல் எதிர்த்திசையில் வருகிறது. புலம்பெயர்ந்தோர் பற்றிய வழக்கமான சித்திரத்தில் அவர்களே கொடுப்போர், தாய்நாட்டார் பெறுவோர். டன்ரிக்கா இச்சித்திரத்தைத் தலைகீழாக்குகிறார். எழுத்தாளரின் துயரம் அங்குள்ளோரின் துயரத்துக்கு ஒப்பாகாது என்பதை அவர் வாதிட்டு நிறுவவில்லை. ஒரு தொலைபேசி உரையாடலினால் உணர்த்திவிடுகிறார்.

அதே ஆண்டில் வெளிவந்த 'ஆபத்தோடு படைத்தல்' என்ற கட்டுரைத் தொகுதி, 2008 இல் அவர் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய சொற்பொழிவிலிருந்து வளர்ந்தது. தலைப்பு அல்பேர் காம்யுவின் உரையொன்றிலிருந்து பெறப்பட்டது. நூலின் தொடக்கத்தில் 1964 நவம்பர் 12 ஆந் திகதி போட்-ஓ-பிறின்சிற் பொதுமக்கள் முன்னிலையிற் சுட்டுக்கொல்லப்பட்ட மார்செல் நூமா, லூயி டுறுவான் என்ற இரு இளைஞரின் கதை இடம்பெறுகிறது. இருவரும் அமெரிக்காவில் வாழ்ந்து, டுவாலியேயை எதிர்த்துப் போராடத் திரும்பி வந்தவர்கள். பூமியதிர்ச்சி பற்றிய கட்டுரை நூலின் முடிவில் நிற்கிறது. இவ்வமைப்பு கருத்தற்றதன்று. பூமியதிர்ச்சி வரலாற்றுக்கு வெளியே வானத்திலிருந்து வீழ்ந்த நிகழ்ச்சியாகத் தோன்றாமல், கொலைகளும் நாடுகடத்தல்களும் நிரம்பிய நீண்ட வரலாற்றின் தொடர்ச்சியாகத் தோன்றுகிறது.

அவ்விறுதிக் கட்டுரைக்கு 'எங்கள் குவேர்னிக்கா' என்று தலைப்பிட்டமை மேலும் சிந்திக்கத்தக்கது. 1937 ஏப்பிரலில் ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் குண்டுவீசி அழித்த ஸ்பானிய நகரம் குவேர்னிக்கா. பிக்காசோ அப்போது பரிசில் வாழ்ந்த புலம்பெயர்ந்தவர். குண்டுவீச்சை அவர் நேரிற் காணவில்லை. பத்திரிகைகளின் வாயிலாகவே அறிந்தார். ஆகவே, தொலைவிலிருப்பவன் படைக்கமுடியாது என்ற வாதத்துக்கு அவ்வோவியமே மறுப்பாகும். ஆனால் அவ்வொப்புமை மறுபுறத்தில் ஒரு கடனையும் சுமத்துகிறது. குவேர்னிக்காவுக்குக் குண்டு வீசியவர் யாரென்பது உலகறிந்தது. ஹெயிட்டியின் அழிவைக் குவேர்னிக்கா என அழைப்பவர், அங்கு குண்டு வீசியவர் யாரென்று சொல்லவேண்டியவராகிறார். டன்ரிக்காவின் கட்டுரை துயரத்தின் நுண்மைகளிற் சிறந்து விளங்கினும் இக்கடனை முழுமையாகத் தீர்க்கவில்லை.

சிறுவருக்காக அவர் எழுதிய 'எட்டு நாட்கள்' என்ற கதை இன்னும் எளிதான வழியிற் செல்கிறது. இடிபாடுகளுள் எட்டு நாட்கள் சிக்கியிருந்து மீட்கப்பட்ட சிறுவன், அந்நாட்களிற் கற்பனையில் விளையாடிய விளையாட்டுக்களைச் சொல்கிறான். உடனிருந்த நண்பன் உறங்கி எழாமற்போனதை ஓரிரு சொற்களிற் சொல்லி நகர்வதில் ஆசிரியரின் கை தெரிகிறது. ஆயினும், அரிதாக நிகழ்ந்த மீட்பொன்றை மையமாகக் கொள்வதால், தொலைக்காட்சிகள் விரும்பிக் காட்டிய அற்புதங்களின் பக்கத்திலேயே அக்கதையும் போய் நின்றுவிடுகிறது.

5

டன்ரிக்கா தீர்க்காது விட்ட கடனைத் தீர்க்க முயன்றவர் நாட்டிலேயே வாழ்ந்த எழுத்தாளரான யனிக் லாஹென்ஸ். 2010 இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'பிளவுகள்'. நிலத்தின் கீழுள்ள பிளவை மட்டும் அப்பெயர் குறிக்கவில்லை. 1804 இல் அடிமைகள் புரட்சி செய்து பெற்ற விடுதலைக்குப் பின்னரும் நகரத்து மேன்மக்களுக்கும் நாட்டுப்புற உழவருக்குமிடையே நிலைத்துவிட்ட சமூகப் பிளவையும் அது குறிக்கிறது. 1825 இல் பிரான்ஸ் அச்சுறுத்திச் சுமத்திய 150 மில்லியன் பிராங்க் இழப்பீடு, அது பின்னர் 90 மில்லியனாகக் குறைக்கப்பட்டும், அதற்காகப் பெற்ற கடன்களின் வழியே 1947 வரை அந்நாட்டை உறிஞ்சியது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை நாட்டை ஆண்டது. கிராமங்கள் நலிந்தன, தலைநகர் தாங்கமுடியாத அளவுக்குப் பெருத்தது. இவற்றையெல்லாம் சேர்த்து நோக்குமிடத்து, 2010 ஜனவரி 12 இன் முப்பத்தைந்து செக்கன்களுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுகள் நிற்பது புலனாகும். றூமென் வரட்சிக்குக் காரணம் தேடிய மரபு லாஹென்ஸிடம் தொடர்கிறது என்பதில் ஐயமில்லை.

இதிலிருந்து, உள்ளிருப்பவரே உண்மையை எழுதமுடியும், வெளியிருப்பவர் எழுதமுடியாது என்ற முடிபுக்கு எவரேனும் வருவாராயின் அது பிழையாகும். லாஹென்ஸும் கூடாரங்களில் வாழ்ந்தவர் அல்லர். பிரெஞ்சு மொழியில் எழுதிப் பரிசில் நூல் வெளியிடும் கற்றோர் வகுப்பினர். தமக்கும் தெருவிற் படுத்துறங்கிய மக்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அவரும் தாண்டிச்செல்ல வேண்டியவராகவே இருந்தார். தொலைவு என்பது கடலினால் மட்டும் உண்டாவதன்று. வர்க்கத்தினாலும் மொழியினாலும் உண்டாவது. ஹெயிட்டியர் அனைவரும் கிறியோல் பேசுவர். பிரெஞ்சு மொழியிற் புலமையுடையோர் சிறுபான்மையினர். பூமியதிர்ச்சிக்குச் சாதாரண மக்கள் தாமே ஒரு பெயர் வைத்தனர். நிலம் அதிர்ந்தபோது கேட்ட ஓசையைப் போன்றதான 'கூடுகூடு' என்பதே அப்பெயர். கேட்டவர்களின் உடம்பிலிருந்து பிறந்த சொல் அது. அவ்வோசையைக் கேட்டிராதவர் அச்சொல்லை இரவலாகவே பெறமுடியும். புலம்பெயர்ந்த மானிடவியலாளரும் கவிஞருமான ஜீனா அத்தீனா உலிஸ், ஹெயிட்டி பற்றிய பழகிப்போன கதையாடல்களை மறுத்து எழுதிய கட்டுரைகளை 2015 இல் ஆங்கிலம், கிறியோல், பிரெஞ்சு ஆகிய மும்மொழிகளிலும் ஒரே நூலாக வெளியிட்டார். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களும் வாசிக்கக்கூடியதாக எழுத்து இருத்தல் வேண்டும் என்ற பொறுப்புணர்வின் வெளிப்பாடாக இதனைக் கொள்ளலாம்.

காலம் கடந்த பின்னர் நாவல் வடிவமும் கைகூடிற்று. போட்-ஓ-பிறின்சிற் பிறந்து கனடாவில் வளர்ந்த மிரியம் சான்சி, 2021 இல் வெளியிட்ட 'என்ன புயல், என்ன இடி' என்ற நாவலிற் பல குரல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பேசவிடுகிறார். அவற்றுள் சந்தையில் வியாபாரஞ் செய்யும் முதியவளின் குரலும் உண்டு. வெளிநாட்டிற் செல்வம் ஈட்டியவரின் குரலும் உண்டு. புலம்பெயர்ந்தவர் அங்கு கதைசொல்லியாக ஆட்சி செலுத்தாமற் பலருள் ஒருவராகின்றார். லஃபெரியேர் குறிப்புக்களாலும், டன்ரிக்கா ஒரே சாவினாலும் தீர்க்க முயன்ற பிரச்சினைக்கு இது இன்னொரு தீர்வு. அந்நூல் வெளிவந்த அதே ஆண்டின் ஓகஸ்ட் 14 ஆந் திகதி, நாட்டின் தென்மேற்குப் பகுதியை 7.2 பருமனுடைய பூமியதிர்ச்சி மீண்டும் தாக்கி ஈராயிரத்துக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. பதினொரு ஆண்டுகளின் பின்னரும் அந்நாவல் பழங்கதையாகிவிடவில்லை.

6

இவ்விலக்கியம் முழுவதிலும் காணப்படும் பெருங்குறை ஒன்றுண்டு. றூமெனின் மனுவேல் கரும்பு வெட்டியவன். 2010 இன் பின்னர் உலகின் கவனத்தைப் பெற்ற புலம்பெயர்ந்த எழுத்தாளர்களோ மொன்றியல், மியாமி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றைச் சார்ந்தோர். எல்லைக்கப்பால் டொமினிக்கன் குடியரசின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த ஹெயிட்டியரும் புலம்பெயர்ந்தோரே; அவர்களுடைய உறவினரும் அன்று இறந்தனர். 2013 இல் அந்நாட்டின் அரசியல் யாப்பு நீதிமன்றம், அங்கு பிறந்த ஹெயிட்டிய வம்சாவளியினர் பெருந்தொகையானோரின் குடியுரிமையைப் பறிக்கும் தீர்ப்பை வழங்கியது. 1937 இல் அந்நாட்டில் நிகழ்ந்த படுகொலையைப் பற்றி டன்ரிக்கா 1998 இல் நாவல் எழுதியுள்ளார். ஆனால், பூமியதிர்ச்சிச் செய்தி கரும்புத் தோட்டத்துக் குடிசைகளை எவ்வாறு சென்றடைந்தது என்பது மேற்கூறிய நூல்களில் மையப் பொருளாகவில்லை. புலம்பெயர்ந்தோர் இலக்கியம் என்ற பெயரால் வழங்குவது, பெரும்பாலும் புலம்பெயர்ந்தோருட் கற்றோர் இலக்கியமே என்ற உண்மையை இது நினைவூட்டுகிறது.

கடவுச்சீட்டு, தொலைபேசி, வகுப்பு, மொழி ஆகியவற்றால் உண்டான தொலைவைத் திறந்து காட்டும் எழுத்து, துயரத்துக்கு நேர்மையானதாகிறது. அத்தொலைவை இரக்கத்தினால் மூடிவிடும் எழுத்து, இறந்தவர்களின் பெயரால் எழுத்தாளரையே பேசவைக்கிறது. அந்நேர்மை மட்டும் போதுமானதுமன்று. அழிவுக்கு மனிதக் காரணங்களைத் தேடும் துணிவும் அதனுடன் சேரும்போதே எழுத்து முழுமை பெறுகிறது. இவ்விரண்டும் ஒரே நூலில் நிறைவாக அமைதல் அரிதாகவே உள்ளது.

இக்கருத்துக்கள் தமிழ் வாசகருக்குத் தொலைவானவையல்ல. 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை இலங்கையின் கிழக்கு, தெற்கு, வடகிழக்குக் கரையோரங்களைத் தாக்கியபோது, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பரிசிலும் தமிழ்க் குடும்பங்கள் தொலைபேசியருகில் விழித்திருந்தன. மொன்றியலில் ஹெயிட்டியரும் ஈழத்தமிழரும் ஒரே நகரத்தவர். தமிழிற் புலம்பெயர்ந்தோர் எழுத்தை மதிப்பிடும்போது, ஊர்நினைவின் உருக்கத்தை மட்டும் அளவாகக் கொள்ளும் போக்கு நம்மிடையே உண்டு. கவிதை கண்ணீரை வரவழைத்தால் அது போதுமென்று கருதப்படுகிறது. கரையிலிருந்து எத்தனை யார் தூரத்தில், எத்தகைய குடிசையில், ஏன் அம்மக்கள் வாழ நேர்ந்தது என்பதை அக்கவிதை கேட்கிறதா? பணம் அனுப்பியவர் எவ்விடத்திலிருந்து அழுகிறார் என்பதைச் சொல்கிறதா? அங்கிருந்தவர் தம் வாயாற் சொன்னதற்கு இடங்கொடுக்கிறதா? இக்கேள்விகளைக் கேட்பது இறந்தோரை அவமதிப்பதாகாது. அவர்களைப் பற்றி எழுதப்பட்டதைக் கவனமாக வாசிப்பதும் அவர்களுக்குச் செய்யும் கடமைகளுள் ஒன்றே. அக்கடமை பல்கலைக்கழகத்துத் திறனாய்வுக்கும் உரியது.